சாக்குக்குள் இருக்கும் சர்க்கரை

கொல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளி நதியின் இரு கரைகளிலும் சணல் ஆலைகள் நெருக்கமாக நிற்கின்றன. முதல் ஆலை 1855-இல் ரிஷ்ராவில் ஓடத் தொடங்கியது. நம் ஊர் நெல் கொள்முதல் நிலையங்களில் வாய் தைத்து அடுக்கப்படும் கோணிச் சாக்குகளில் பெரும்பகுதி வங்காளத்திலிருந்துதான் வருகிறது. அந்தச் சாக்கின் எடையில் முக்கால் பங்குக்கு மேல் சர்க்கரை என்றால் நம்புவது கடினம். ஆனாலும் அதுதான் உண்மை. சணல் நாரில் ஏறக்குறைய 60 சதவீதம் செல்லுலோஸ். 20 சதவீதத்துக்குச் சற்று மேல் ஹெமிசெல்லுலோஸ். இரண்டுமே சர்க்கரை மூலக்கூறுகளைக் கோத்துச் செய்த நெடுஞ்சரங்கள். மீதியில் பெரும்பங்கு லிக்னின் என்ற மரப்பொருள்.

சணல் நார் என்று நாம் பிடித்து இழுப்பது, செத்துப்போன செல்களின் சுவர்களைத்தான். ஒரு நார்ச் செல்லின் நீளம் 2, 3 மில்லிமீட்டர். அப்படிப்பட்ட செல்கள் கட்டுக்கட்டாக ஒட்டி, ஒன்றன் முனை மற்றொன்றின் பக்கத்தில் செருகி, ஆளுயரத்துக்கும் மேல் நீளும் இழையாகின்றன. இவை தண்டின் பட்டைப் பகுதியில், இலையிலிருந்து உணவு இறங்கும் பாதையை ஒட்டியே இருக்கின்றன. சர்க்கரை வரும் வழியிலேயே சர்க்கரையைச் சுவராக்கும் செல்கள்!

1838-இல் பிரெஞ்சு வேதியியலாளர் அன்செல்ம் பாயென், பல தாவரங்களின் சுவர்களில் ஒரே பொருள் இருப்பதைக் கண்டார். அதுதான் செல்லுலோஸ். அரிசி மாவில் இருக்கும் ஸ்டார்ச்சும் செல்லுலோசும் ஒரே குளுக்கோசால் ஆனவை. ஸ்டார்ச்சில் குளுக்கோஸ் அலகுகள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்து இணைவதால் சரம் சுருண்டுகொள்கிறது. நம் உமிழ்நீர்கூட அதை உடைத்துவிடும். செல்லுலோசில் ஒவ்வோர் அலகும் முந்தியதற்குத் தலைகீழாகத் திரும்பி இணைகிறது. சரம் நேராக நீள்கிறது. நேரான சரங்கள் பக்கத்தில் பக்கத்தில் படிந்து, தண்ணீர்கூட நுழைய முடியாத படிகக் கட்டாக இறுகுகின்றன. இணைப்பு திரும்பும் திசை ஒன்று மாறினால் சோறு சாக்காகிவிடுகிறது. உயிர் வேதியியலில் இதைவிட வியப்பான மாற்றம் எனக்குத் தெரிந்து இல்லை.

இந்தச் சரத்தைக் கோக்கும் இயந்திரம் செல் சவ்விலேயே பதிந்திருக்கிறது. 1980-இல் மியூலர், பிரவுன் என்ற இரு ஆய்வாளர்கள் மக்காச்சோளச் செல்களை உறையவைத்துப் பிளந்து எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, செல்லுலோஸ் இழைகளின் நுனியில் ஆறு இதழ்ப் பூப்போன்ற அமைப்புகள் தெரிந்தன. பூவின் குறுக்களவு சுமார் 25 நானோமீட்டர். ஒவ்வோர் இதழும் செல்லுலோஸ் கோக்கும் நொதிகளின் தொகுப்பு. செல்லுக்குள்ளிருந்து யுரிடின் டைபாஸ்பேட்டுடன் இணைந்த குளுக்கோசை இந்த நொதிகள் வாங்கி, ஒவ்வொன்றாகச் சரத்தில் சேர்த்து, சவ்வின் மறுபுறம் தள்ளுகின்றன. ஒரு பூவிலிருந்து சுமார் 18 சரங்கள் ஒரே நேரத்தில் வெளிவந்து ஒரே இழையாக முறுகுகின்றன என்பது இன்று பலரும் ஏற்கும் கணக்கு.

வெளியே வந்த இழை சுவரில் பதிந்து கெட்டியாகிவிடும். அதற்குப் பிறகும் சரம் நீள்வதால், இழை நகர முடியாமல் இயந்திரம்தான் பின்னோக்கித் தள்ளப்படுகிறது. சிலந்தி நூலை விட்டுக்கொண்டே நடப்பதுபோல அது சவ்வின்மீது ஊர்ந்து போகிறது. 2006-இல் பாரெடெஸ், சாமர்வில், எர்ஹார்ட் என்ற மூன்று ஆய்வாளர்கள் அரபிடாப்சிஸ் என்ற சிறு கடுகினச் செடியில் இந்த நொதிக்கு ஒளிரும் அடையாளமிட்டு, உயிருள்ள செல்லிலேயே அது ஓடுவதைப் படம்பிடித்தார்கள். வேகம் நிமிடத்துக்குச் சுமார் 300 நானோமீட்டர். சவ்வுக்குக் கீழே இருக்கும் நுண்குழல்கள் அதற்குத் தடம் காட்டுகின்றன. சணல் நாரில் இந்தத் தடங்கள் கிட்டத்தட்ட செல்லின் நெடுக்கிலேயே அமைவதால்தான், இழுத்தால் எளிதில் அறாத, அதிகம் நீளவும் செய்யாத நார் கிடைக்கிறது.

ஹெமிசெல்லுலோசும், பெக்டின் என்ற மற்றொரு சுவர்ப்பொருளும் பிறக்கும் இடம் வேறு. செல்லுக்குள் கோல்கை உறுப்பில் பல நொதிகள் சைலோஸ், காலக்டுரானிக் அமிலம் போன்றவற்றைக் கிளைகளோடு கோத்து, சிறு பைகளில் அடைத்து அனுப்புகின்றன. பைகள் சவ்வில் உடைந்து சரக்கைச் சுவரில் கொட்டுகின்றன. ஹெமிசெல்லுலோஸ் செல்லுலோஸ் இழைகளைத் தழுவிக்கொள்ளும். பெக்டின் சரங்களைக் கால்சியம் பிணைத்து, செல்லுக்கும் செல்லுக்கும் இடையே பசையாக்கும். இளஞ்சுவரில் பெக்டின் தாராளம். வங்காளிகள் ‘பாட் ஷாக்’ என்று சோற்றோடு உண்ணும் சணல் கீரை அந்தப் பருவத்து இலை. நார்ச் செல் நீண்டு முடித்ததும் வேறு வகை செல்லுலோஸ் நொதிகள் வேலையை ஏற்று, உள்பக்கம் தடித்த இரண்டாம் சுவரை எழுப்புகின்றன. கடைசியில் லிக்னின் இடைவெளிகளில் ஊறிக் கெட்டிப்படுத்துகிறது. வெயிலில் கிடந்த சாக்கு பழுப்பேறுவதும் இந்த லிக்னினால்தான்.

சுவரில் எது எங்கே இருக்கிறது என்பதை வங்காள உழவர்கள் ஆய்வகம் தோன்றும் முன்பே கையால் அறிந்திருந்தார்கள். சுமார் 120 நாள் வளர்ந்த செடியை அறுத்து, கட்டுக்கட்டித் தண்ணீரில் அமிழ்த்துகிறார்கள். இரண்டு மூன்று வாரத்தில் பாக்டீரியாக்கள் பெக்டினைத் தின்று பட்டையைத் தளர்த்துகின்றன. செல்லுலோஸ் அப்படியே நிற்கிறது. அடிப்பக்கத் தண்டை அழுத்தி, நார் கழன்று வருகிறதா என்று தினமும் பார்க்க வேண்டும். முன்கூட்டி எடுத்தால் பட்டை ஒட்டிக்கொண்டிருக்கும். தாமதித்தால் நாரே நைந்துபோகும். கட்டுகளை அமுக்கச் சேற்றையும் வாழைத்தண்டையும் வைத்தால், சேற்றின் இரும்பும் வாழையின் டானினும் சேர்ந்து நாரைக் கறுப்பாக்கி விலையைக் குறைத்துவிடும். இத்தனை நுட்பமான வேலையை இடுப்பளவு நீரில் நின்று செய்பவர்களுக்கு இன்னும் நல்ல விலை கிடைக்க வேண்டும்.

கொல்கத்தாவை அடுத்த பாரக்பூரில் மத்திய சணல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே உருவான ‘சோனா’ என்ற தூளில் பேசில்லஸ் புமிலஸ் பாக்டீரியா வகைகள் உள்ளன. பெக்டினையும் ஹெமிசெல்லுலோசின் ஒரு பகுதியையும் கரைத்து, செல்லுலோசைத் தொடாமல் விடுபவையாகத் தேர்ந்தெடுத்தவை. ஊறும் நாட்கள் ஒரு வாரம்வரை குறைகின்றன. ஓடும் நீர் அரிதாகி, தேங்கிய குளத்தை நம்பும் உழவருக்கு இது பெரிய உதவி.

லிக்னின் குறைந்தால் நார் மென்மையாகும், துணிக்கும் காகிதத்துக்கும் ஏற்றதாகும். இதே நிலையத்தின் ஆய்வாளர்கள், எக்ஸ் கதிர் பட்ட விதைகளிலிருந்து கிடைத்த, நார்ச் செல்லில் லிக்னின் சரிவரப் படியாத ஒரு சணல் செடியைப் பற்றி 2004-இல் விரிவாக எழுதினார்கள். அத்தகைய செடியை வயலுக்குக் கொண்டுவருவது எளிதல்ல. மூன்று மீட்டர் உயரத் தண்டு வங்காளத்தின் மழைக்காற்றில் சாயாமல் நிற்கவும் வேண்டுமே.