க்ரயான்ஸ் கொடுத்தால் ஆர்ட் தெரபி ஆகிவிடுமா? மனநல நிபுணர்கள் முறைப்படி சான்று பெறுவது எப்படி?

பள்ளிக்குப் போகவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும் குழந்தை. எதைக் கேட்டாலும் "ஒண்ணுமில்ல" என்று மட்டும் சொல்லும் கல்லூரி மாணவர். விபத்து நடந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசாத பெண். இவர்களுக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் கவுன்சலர், ஒரு கட்டத்தில் பேப்பரையும் வண்ணப் பென்சிலையும் எடுத்து நீட்டுவது புதிதல்ல. பல நேரங்களில் அதற்குப் பலனும் இருக்கு.

சிக்கல் அதற்குப் பிறகுதான். இரண்டு நாள் ஆன்லைன் வகுப்பு முடித்த சான்றிதழ் கிளினிக் சுவரில் ஏறுகிறது. போர்டில் 'ஆர்ட் தெரபி' என்று புதிதாக ஒரு வரி சேருகிறது. இது போதுமா? ஏற்கெனவே உளவியலில் முதுகலை முடித்து, நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவர், தன்னை ஆர்ட் தெரபிஸ்ட் என்று சொல்லிக்கொள்ள உண்மையில் என்ன செய்யணும்? இதற்கென்று தனிச் சான்று முறையே வைத்திருக்கும் அமெரிக்காவை முதலில் பார்ப்போம். பிறகு பிரிட்டன். கடைசியாக நம்ம ஊர்.

ஆர்ட் தெரபி: எங்கே தொடங்கியது?

ஏட்ரியன் ஹில் என்ற பிரிட்டிஷ் ஓவியர் காசநோய்க்காக சானடோரியத்தில் படுத்திருந்தபோது வரைந்துகொண்டே இருந்தார். அது தன்னைத் தேற்றுகிறது என்று உணர்ந்து, மற்ற நோயாளிகளையும் வரைய வைத்தார். 'ஆர்ட் தெரபி' என்ற சொல்லை 1942-ல் பயன்படுத்தியவர் அவர்தான்.

அமெரிக்காவில் இரண்டு பெண்கள் இதைத் தொழிலாக வளர்த்தார்கள். மார்கரெட் நௌம்பர்க், படத்தை மனதின் அடியாழத்தில் இருப்பதைப் பேச வைக்கும் வழியாகப் பார்த்தார். ஈடித் கிராமருக்கோ வரையும் செயலே மருந்து. இந்த இரண்டு பார்வைகளுக்கும் நடுவில்தான் இன்றைய ஆர்ட் தெரபி நிற்கிறது.

'நான்தான் ஏற்கெனவே சைக்காலஜிஸ்ட் ஆச்சே?'

பலரும் கேட்கும் கேள்வி இது. வீடு, மரம், மனிதன் வரையச் சொல்லும் பரிசோதனை உளவியல் படித்த எல்லோருக்கும் தெரியும். ஜான் பக் என்பவர் 1940-களில் உருவாக்கியது. அதை நடத்தத் தெரிந்தால் ஆர்ட் தெரபியும் தெரியும் என்று நினைப்பவர்கள் உண்டு. ஆனால் அது மதிப்பீடு, இது சிகிச்சை. ஒன்றில் நிபுணர் படத்தைப் படிக்கிறார். இன்னொன்றில் வரைந்தவரே தன் படத்தைப் பார்த்துப் பேச, நிபுணர் கூடவே இருக்கிறார்.

'கறுப்பு வண்ணம் போட்டால் மன அழுத்தம், ஜன்னல் இல்லாத வீடு வரைந்தால் தனிமை' என்று சுற்றும் ரீல்ஸ்களைப் பார்த்திருப்பீர்கள். படங்களுக்கு அப்படி ஓர் அகராதி கிடையாது. அந்தக் குழந்தையிடம் அன்று கறுப்பு க்ரயான் மட்டும்தான் முனை உடையாமல் இருந்திருக்கலாம்!

இன்னும் முக்கியமானது பொருட்கள் பற்றிய அறிவு. பென்சில் கைக்கு அடங்கும். வேண்டாத கோட்டை ரப்பரால் அழித்துவிடலாம். தண்ணீர் வண்ணம் அப்படி இல்லை, தன்போக்கில் ஓடும். களிமண்ணில் கை வைத்தால் உடம்பே அதில் இறங்கிவிடும். எல்லாவற்றையும் இறுக்கிப் பிடித்து வைத்திருக்கும் ஒருவரைக் கொஞ்சம் தளர்த்த ஈர வண்ணம் உதவலாம். அதே வண்ணம், கொடூர நினைவுகளோடு போராடும் இன்னொருவரிடம் தாங்க முடியாத அளவுக்கு எல்லாவற்றையும் வெளியே கொண்டுவந்துவிடலாம். பேச்சில் வராதது படத்தில் வரும் என்பதுதான் இந்தச் சிகிச்சையின் பலம். வந்ததைக் கையாளத் தெரியாதவர் எதிரில் இருந்தால் ஆபத்தும் அதேதான்.

எந்த நேரத்தில் எதைக் கொடுக்கணும், எப்போது நிறுத்தணும் என்பது சாதாரண உளவியல் பாடத்திட்டத்தில் இருக்காது. தனிச் சான்று கேட்பதற்குக் காரணம் இதுதான்.

அமெரிக்காவில் என்ன வழி?

அங்கே ஆர்ட் தெரபி சங்கம் 1969-ல் தொடங்கியது. சான்று தருவது சங்கம் அல்ல, 1993-ல் உருவான தனி அமைப்பு. ஆர்ட் தெரபி கிரெடன்ஷியல்ஸ் போர்டு என்று பெயர், சுருக்கமாக ஏ.டி.சி.பி. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். சங்கத்தில் உறுப்பினர் ஆவதால் மட்டும் சான்று கிடைத்துவிடாது.

அடிப்படைத் தகுதி முதுகலை. ஆர்ட் தெரபி முதுகலையில் சேரவே, ஸ்டுடியோ ஓவியத்தில் 18 கிரெடிட், உளவியலில் 12 கிரெடிட் முடித்திருக்க வேண்டும் என்கிறது சங்கம். படிப்புக்குள் 100 மணி நேரம் மேற்பார்வையோடு செய்முறைப் பயிற்சி, 600 மணி நேரம் இன்டர்ன்ஷிப்.

சரி, கவுன்சலிங்கிலோ சமூகப் பணியிலோ முதுகலை முடித்தவர்கள் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கணுமா? அவசியமில்லை. முதுகலைக்குப் பிந்தைய ஆர்ட் தெரபி சான்றிதழ்ப் படிப்புகளைச் சில பல்கலைக்கழகங்கள் நடத்துகின்றன. மனநலப் பாடங்களைத் திரும்பப் படிக்காமல், விடுபட்ட ஆர்ட் தெரபி பாடங்களையும் அதற்கான பயிற்சி நேரத்தையும் முடிக்கும் வழி இது. விதிகள் அவ்வப்போது திருத்தப்படும் என்பதால், விண்ணப்பிக்கும் ஆண்டின் ஏ.டி.சி.பி. கையேட்டைத்தான் நம்பணும், சீனியர் சொன்ன கணக்கை அல்ல.

நம்மூரிலிருந்து போகிறவர்கள் தடுமாறும் இடம் பெரும்பாலும் உளவியல் அல்ல, ஸ்டுடியோ. பத்தாம் வகுப்போடு ஓவிய நோட்டை மூடி வைத்தவர், வரைதல், வண்ணம், களிமண் என்று தானே செய்த படைப்புகளைக் காட்ட வேண்டியிருக்கும். அழகாக வரையத் தெரியணும் என்பதற்காக இல்லை. அந்தப் பொருள் கையில் என்ன செய்கிறது என்று தானே அனுபவித்திருக்கணும்.

படிப்புக்குப் பிறகுதான் சான்று வரும். அதில் மூன்று படிகள். முதலில் ஏ.டி.ஆர்.-புரோவிஷனல். படித்து முடித்து, மேற்பார்வையில் வேலை செய்பவர்களுக்கு. அடுத்தது ஏ.டி.ஆர்., அதாவது பதிவுபெற்ற ஆர்ட் தெரபிஸ்ட். அங்கீகாரம் பெற்ற ஆர்ட் தெரபி படிப்பை முடித்தவர்கள் இதற்கு 1,000 மணி நேரம் நேரடியாக ஆர்ட் தெரபி கொடுத்திருக்க வேண்டும். கூடவே 100 மணி நேர மேற்பார்வை. வேறு வழியில் வருபவர்களுக்குக் கணக்கு மாறும்.

1,000 மணி நேரம் என்றால் எவ்வளவு காலம்? வாரத்துக்கு 10 மணி நேரம் நோயாளிகளைப் பார்த்தால் 100 வாரம். கிட்டத்தட்ட இரண்டு வருஷம். பத்து வருஷமாகப் பேச்சு வழி சிகிச்சை கொடுத்த அனுபவம் இந்தக் கணக்கில் சேராது என்பது அனுபவசாலிகளுக்குக் கசப்பான செய்தி. மேற்பார்வையிலும் ஒரு பகுதியாவது சான்று பெற்ற ஆர்ட் தெரபிஸ்ட்டிடம் இருக்கணும்.

மூன்றாவது படி ஏ.டி.ஆர்.-பி.சி. தேசிய அளவிலான தேர்வில் வென்றவர்களுக்கு. இதையும் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கணும். வாங்கி மாட்டிவிட்டு மறந்துவிடும் சான்றிதழ் இல்லை இது.

சான்று வேறு, லைசென்ஸ் வேறு

இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொள்ளாமல் பணம் கட்டுபவர்கள் உண்டு. ஏ.டி.ஆர். என்பது தொழில் அமைப்பு தரும் சான்று. நோயாளியைப் பார்க்கும் சட்டப்படியான உரிமம் மாகாண அரசு தருவது. நியூ மெக்சிகோ, கென்டக்கி, மேரிலாந்து, நியூ ஜெர்சி போன்ற மாகாணங்களில் ஆர்ட் தெரபிக்கென்றே லைசென்ஸ் உண்டு. நியூயார்க்கில் 'கிரியேட்டிவ் ஆர்ட்ஸ் தெரபிஸ்ட்' என்ற பெயரில் வருகிறது. தனி லைசென்ஸ் இல்லாத மாகாணங்களில் பலர் கவுன்சலர் லைசென்ஸோடு வேலை செய்கிறார்கள். ஏற்கெனவே லைசென்ஸ் உள்ள கவுன்சலருக்கு இது ஒரு சாதகம்.

'எக்ஸ்பிரசிவ் ஆர்ட்ஸ் தெரபி' என்று இன்னொரு பெயரையும் பார்ப்பீர்கள். இசை, நடனம், நாடகம், ஓவியம் எல்லாம் கலந்தது. அதற்குச் சான்று தரும் அமைப்பே வேறு.

பிரிட்டனில் பெயரே சட்டப் பாதுகாப்பில்!

பிரிட்டன் இன்னும் கறார். 'ஆர்ட் தெரபிஸ்ட்', 'ஆர்ட் சைக்கோதெரபிஸ்ட்' இரண்டுமே சட்டம் பாதுகாக்கும் பட்டங்கள். எச்.சி.பி.சி. என்ற ஒழுங்குமுறை அமைப்பில் பதிவு செய்யாமல் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்வது குற்றம். பதிவு செய்ய, அந்த அமைப்பு ஒப்புக்கொண்ட முதுகலைப் படிப்பு வேண்டும். முழுநேரமாகப் படித்தால் இரண்டு வருஷம். வெளிநாட்டில் பயிற்சி பெற்றவர்கள் தனி வழியில் விண்ணப்பிக்கலாம்.

அங்கே இன்னொரு விதியும் உண்டு. பயிற்சிக் காலத்தில் மாணவரும் ஒரு தெரபிஸ்ட்டிடம் தனக்கான சிகிச்சைக்குப் போகணும். இந்தச் செலவை விளம்பர நோட்டீஸில் தேடினால் கிடைக்காது, பட்ஜெட்டில் முதலிலேயே சேர்த்துக்கொள்வது நல்லது.

இந்தியாவில் நிலவரம் என்ன?

கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சில் பதிவு வேண்டும் என்பது இத்துறையில் எல்லோருக்கும் தெரியும். 2017 மனநலச் சட்டம் 'மனநல நிபுணர்' யார் என்று வரையறுக்கிறது. மனநல மருத்துவர், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், மனநல செவிலியர், மனநல சமூகப் பணியாளர் எல்லாம் அதற்குள் வருகிறார்கள். ஆர்ட் தெரபிஸ்ட் என்ற பெயர் அங்கே இல்லை.

2021-ல் வந்த தேசிய துணை மருத்துவத் தொழில்கள் ஆணையச் சட்டத்தின் அட்டவணையில்தான் அந்தப் பெயர் எட்டிப் பார்க்கிறது. அதுவும் 'மூவ்மென்ட் தெரபிஸ்ட்' என்ற தலைப்புக்குள் ஆர்ட், டான்ஸ் என்று சேர்த்து. ஓவியம் எப்படி அசைவு ஆனது என்று கேட்காதீர்கள், அச்சில் அப்படித்தான் இருக்கு. ஒரு தொழிலாகச் சட்டத்தில் இடம் கிடைத்திருப்பது முக்கியம். ஆனால் பட்டியலில் பெயர் இருப்பதும், பிரிட்டன் போல ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிச் சரிபார்ப்பதும் ஒன்றல்ல.

அப்படியென்றால் இங்கே இருக்கும் ஒரு கவுன்சலர் என்ன செய்யலாம்? வெளிநாட்டில் வேலை செய்யும் திட்டம் இருந்தால், அந்த நாட்டின் பட்டியலில் உள்ள படிப்பில்தான் பணத்தைப் போடணும். இங்கேயே தொடரப் போகிறீர்கள் என்றால் டிப்ளமோ போகலாம். 'சர்வதேச அங்கீகாரம்' என்று பளபளக்கும் விளம்பரத்தைப் பார்த்ததும், யார் தந்த அங்கீகாரம் என்று கேளுங்கள். மேற்பார்வையோடு நோயாளிகளைப் பார்க்கும் நேரம் எத்தனை, மேற்பார்வையாளரின் தகுதி என்ன, நீங்கள் கையில் பிரஷ் எடுக்கும் வகுப்பு இருக்கா என்றும் கேளுங்கள். பதிவுசெய்த வீடியோவை மட்டும் காட்டி முடிக்கும் படிப்பு என்றால் அது அறிமுகம், பயிற்சி அல்ல.

மூன்றாவது வழியும் இருக்கு, பலருக்கு அதுவே சரியானது என்று தோன்றுகிறது. கவுன்சலராகவே இருந்து, உங்கள் தகுதிக்குள் ஓவியப் பயிற்சிகளைப் பயன்படுத்தலாம். போர்டில் மட்டும் 'ஆர்ட் தெரபிஸ்ட்' என்று போடாதீர்கள். 'கவுன்சலிங்கில் ஓவியச் செயல்பாடுகள்' என்று எழுதினால் வருகிறவருக்கும் குழப்பம் இல்லை.

சிகிச்சைக்குப் போகிறவர்கள் கவனிக்க

பிரிட்டனிலோ அமெரிக்காவிலோ பதிவு பெற்றவர் என்று ஒருவர் சொன்னால், எச்.சி.பி.சி., ஏ.டி.சி.பி. இரண்டின் இணையதளத்திலும் பெயரைத் தேடிப் பார்க்கலாம்.

படம் யாரிடம் இருக்கும் என்றும் கேளுங்கள். பேசிய வார்த்தை அறையோடு போய்விடும், வரைந்த படம் மேசை மேலேயே கிடக்கும். ஏ.டி.சி.பி. நெறிமுறைப்படி, வரைந்தவரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் அதைக் கண்காட்சியில் வைக்கக் கூடாது, வெளியிடவும் கூடாது. உங்கள் குழந்தையின் படத்தைப் பெயர் மறைத்து இன்ஸ்டாகிராமில் போடலாமா என்று தெரபிஸ்ட் கேட்டால், முடியாது என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. கேட்காமலே போட்டிருந்தால், சுவரில் எத்தனை சான்றிதழ் தொங்கினாலும் வேறு ஆளைப் பாருங்கள்.