நங்கூரத்தைக் கடலுக்குக் கொடுத்துத் தப்பிய கப்பல்

பாய்மரக் கப்பலோட்டிகள் நடுக்கடல் புயலைவிட அதிகம் அஞ்சியது கரையைத்தான். காற்று கரையை நோக்கி அடித்தால், கப்பலும் பாறைகளை நோக்கித் தள்ளப்படும். முகப்பைக் காற்றின் ஊடாக மறுபக்கம் திருப்பினால் தப்பலாம். ஆனால் பேரலையில் அந்தத் திருப்பம் பாதியில் நின்றுவிடும். காற்றுக்கு முதுகைக் காட்டிச் சுற்றிவரவோ இடம் இருக்காது.

மிஞ்சியது ஒரே வழி: 'கிளப் ஹாலிங்'.

முகப்பு காற்றை நோக்கித் திரும்பி, ஓட்டம் அடங்கும் நேரத்தில், காற்று ஒதுங்கும் பக்கத்து நங்கூரத்தை இறக்குவார்கள். அது கடலடியைப் பற்றியதும் வடம் விறைத்து முகப்பை இழுத்துத் திருப்பும். பாய்கள் மறுபக்கக் காற்றைப் பிடித்தவுடன், கோடரியோடு காத்திருப்பவர்கள் வடத்தை வெட்டிவிட வேண்டும். முந்தினால் கப்பல் திரும்பாது; பிந்தினால் நங்கூரமே அதைப் பிடித்து நிறுத்திவிடும். டன் கணக்கில் எடையுள்ள அந்த இரும்பு கடலோடு போகும். ஆனால் நூற்றுக்கணக்கான உயிர்களுக்கு அது மிகச் சிறிய விலை.

கடற்படையில் பணியாற்றிய எழுத்தாளர் ஃபிரடெரிக் மாரியட், 1834-இல் வெளிவந்த 'பீட்டர் சிம்பிள்' நாவலில் இந்த உத்தியை விரிவாகக் காட்டியிருக்கிறார்.

நிஜத்தில் புகழ்பெற்றது 1812 டிசம்பரில் நடந்தது. பிரான்சின் மேற்குக் கரையில், பாஸ்க் ரோட்ஸ் கடற்பகுதியில், 74 பீரங்கிகள் கொண்ட பிரிட்டிஷ் போர்க்கப்பல் 'மேக்னிஃபிசன்ட்' புயலில் பாறைத்திட்டுகளுக்கு அருகே சிக்கியது. கேப்டன் ஜான் ஹேஸ் நங்கூரத்தை நம்பியே அவ்வளவு பெரிய கப்பலைத் திருப்பி, திறந்த கடலுக்குக் கொண்டுவந்தார். பதற்றத்தில் ஒரு கட்டளை தவறியிருந்தாலும் எல்லாம் முடிந்திருக்கும். அதன்பின் கடற்படையில் அவரை 'மேக்னிஃபிசன்ட் ஹேஸ்' என்றே அழைத்தார்கள்.