மருந்தும் மனிதரும் – 9: மூன்று நாள் வராதவர்

ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் சென்ற வாரம் கதையை நிறுத்தியிருந்தோம். 1980-களின் தொடக்கத்தில் அங்கே ஹெராயின் மலிந்து கிடந்தது, ஊசிக்குத்தான் பஞ்சம். போலீஸ் கெடுபிடியால் கடைகள் ஊசி விற்பதை நிறுத்த, ஒரே ஊசி பல கை மாறியது. மியூர்ஹவுஸ் பகுதியின் மருத்துவர் ராய் ராபர்ட்சனும் சகாக்களும் ஹெராயின் பழக்கமுள்ள 164 பேரின் ரத்தத்தைச் சோதித்து, 1986-இல் முடிவை வெளியிட்டார்கள். பாதிப்பேருக்கு மேல் எச்.ஐ.வி. தொற்று!

ஹெராயின் பழக்கமுள்ளவர்களுக்கு அடைத்த கடைக் கதவைத் திறந்தாக வேண்டியதாயிற்று. இன்று ஸ்காட்லாந்தில் ஹெராயினுக்கு மாற்றாக டாக்டர் எழுதித் தரும் மெதடோனைத் தெருமுனை மருந்துக்கடையிலேயே வாங்கலாம். பலர் மருந்தாளுநரின் கண்முன்னேதான் குடிக்க வேண்டும். ஆகவே கவுன்ட்டரில் நிற்பவருக்கும் பயிற்சி தேவைப்படுகிறது.

முதல் பாடம், குடிப்பதைக் கவனிப்பது. பெரும்பாலும் பச்சை நிறத் திரவம் மெதடோன். மில்லிக்கு ஒரு மில்லிகிராம். குடித்ததும் ஒரு டம்ளர் தண்ணீர், பிறகு இரண்டு வார்த்தை. “பையன் ஸ்கூலுக்குப் போறானா?” மருந்தை வாயில் அடக்கி வெளியே கொண்டுபோய் விற்பவர்களும் உண்டு. வாய் திறந்து பதில் சொல்பவர் விழுங்கிவிட்டார் என்று அர்த்தம். விசாரிப்பும் ஆயிற்று, சோதனையும் ஆயிற்று.

அடுத்த பாடம், நாள் கணக்கு. தொடர்ந்து மூன்று நாள் வராதவருக்குப் பழைய அளவைக் கொடுக்கக் கூடாது. உடம்புக்கு மருந்தின் பழக்கம் விட்டிருக்கும். நேற்றுவரை தாங்கிய அளவே மூச்சை அடக்கிவிடலாம். மது குடித்துவிட்டுத் தள்ளாடி வருபவருக்கும் அதே ஆபத்து. ஆனால் “இன்னிக்குக் கிடையாது, போங்க” என்று எல்லோர் முன்னாலும் சொன்னால், அவர் நேரே ஹெராயின் விற்பவனிடம் போவார். தனி அறைக்குக் கூப்பிட்டு, காரணத்தைச் சொல்லி, டாக்டருக்குப் போன் போட வேண்டும். மறுக்கக் கற்றுக்கொள்வதுதான் இந்தப் பயிற்சியில் கடினமான பகுதி.

கடைசிப் பாடம், உயிர் காப்பது. ஊசிமுனை போலச் சுருங்கிய கண்மணி, நீலம் பாய்ந்த உதடு, குறட்டை போல இழுக்கும் மூச்சு: இவை அளவு மீறியதன் அடையாளங்கள். உடனே ஆம்புலன்ஸை அழைத்து, முறிமருந்தான நலாக்சோனைத் தொடையில் ஊசியாகவோ மூக்கில் ஸ்பிரேயாகவோ செலுத்த வேண்டும். அதன் வேகம் சீக்கிரம் தணிந்துவிடும். கண் விழித்தவர் மறுபடி சாயலாம். அதனால் ஆம்புலன்ஸ் வரும்வரை பக்கத்திலேயே இருக்க வேண்டும். நாடு தழுவிய நலாக்சோன் திட்டத்தை ஸ்காட்லாந்து 2011-இல் தொடங்கியது. 2023 முதல் அங்குள்ள எல்லா மருந்துக்கடைகளும் அவசரத்துக்கு அதை வைத்திருக்கின்றன.

இத்தனைக்குப் பிறகும் 2024-இல் அங்கே போதைப்பொருளால் இறந்தவர்கள் 1,017 பேர். இதைத் தடுப்பது மருந்துக்கடையால் மட்டும் ஆகிற காரியமல்ல. ஆனால் மெதடோன் வாங்குபவரை டாக்டர் பார்ப்பது எப்போதோ ஒருமுறை, கவுன்ட்டர்க்காரர் பார்ப்பது அன்றாடம். ஒருவர் மூன்று நாளாக வரவில்லை என்பது கவுன்ட்டர்க்காரருக்குத்தான் முதலில் தெரியும்.

(தொடரும்)