உள்ளான் கூட்டமும் உப்பள வரப்பும்

என் கணினியில் ‘கோடியக்கரை’ன்னு ஒரு ஃபோல்டர் இருக்கு. முதல் தடவை போனப்போ எடுத்த ஆயிரத்துச் சொச்சம் படங்கள். எல்லாம் 500 மி.மீ. லென்ஸில் எடுத்தவை. கொசு உள்ளானின் கண்ணில் தெறிக்கும் வெளிச்சம்கூடத் தெரியும். ஆனா எந்தப் படத்தைப் பார்த்தாலும் அது கோடியக்கரையா, குஜராத்தா, கென்யாவான்னு சொல்ல முடியாது. பின்னாடி வெறும் மங்கலான சாம்பல் நிறம். நான் அங்கே பார்த்து அசந்துபோனது ஒரு பறவையை இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் வரைக்கும் தட்டையான சேறு, அதன் மேலே ஆயிரக்கணக்கில் சின்ன உடம்புகள். அது ஒரு படத்திலும் இல்லை.

அடுத்த வருஷம் 70-200 லென்ஸோடு போனேன். அந்த முறை செய்த தப்பு வேற. பறவைகள் சேற்றில் குனிந்து மேஞ்சுகிட்டே இருந்தா படம் ‘சும்மா’ இருக்கும்னு நினைச்சு, அகஸ்தியம்பள்ளிப் பக்கம் ஒரு உப்பள வரப்பில் எழுந்து நின்னு கையைத் தட்டினேன். கூட்டம் மொத்தமும் கிளம்புச்சு. திரும்பும்போது ஒரு நொடி எல்லாம் பழுப்பு, மறுநொடி எல்லாம் வெள்ளை. அருமையான காட்சிதான். பக்கத்துப் பாத்தியில் உப்பு வாரிக்கிட்டிருந்த பெரியவர் நிமிர்ந்து பார்த்தார்.

“ஏன் தம்பி வெரட்டுறீங்க? திங்கத்தானே வந்திருக்கு அதுங்க.”

அவ்வளவுதான் சொன்னார். அதில் எவ்வளவு இருக்குன்னு பிறகு படிச்சபோதுதான் புரிஞ்சுது. வளைமூக்கு உள்ளான் முட்டையிடுவது சைபீரியாவின் வடகோடித் துந்திரப் பகுதியில். நம்ம கரையில் குளிர்காலத்தைக் கழிச்சுட்டு, வசந்தத்தில் திரும்பிப் போகணும். அந்தப் பயணத்துக்கான கொழுப்பைச் சேற்றுப் புழுக்களில் இருந்துதான் சேர்க்குது. கொசு உள்ளானின் எடை முப்பது கிராமுக்குள்ளேதான். பறப்பதற்கு ஓய்வில் இருப்பதைப் போலப் பல மடங்கு ஆற்றல் செலவாகும். நான் கைதட்டிய ஒவ்வொரு தடவையும் அதுங்க சேமிப்பில் இருந்து நான் எடுத்துச் செலவு பண்ணியிருக்கேன். 2024-இல் வளைமூக்கு உள்ளானை ஐயூசிஎன் அழியும் ஆபத்துள்ள இனங்களின் வரிசைக்கு மாற்றியபோது அந்த வரப்புதான் ஞாபகத்துக்கு வந்தது.

சரி, விரட்டாமல் எப்படி எடுப்பது? இங்கேதான் வெளிநாட்டுப் புத்தகங்கள் நம்மைக் கவிழ்த்துவிடும். ‘ஓத அட்டவணையைப் பார்த்துப் போ, ஓதம் ஏறும்போது பறவைகள் உன்னிடம் தள்ளப்பட்டு வரும்’னு எழுதியிருப்பாங்க. இங்கிலாந்தின் வாஷ் முகத்துவாரத்தில் அது சரி. அங்கே பெரிய ஓதங்களில் நீர் ஆறு மீட்டருக்கு மேல் ஏறி இறங்குது. நம்ம வேதாரண்யம் கரையில் ஒரு மீட்டர்கூடக் கிடையாது. இங்கே கணக்கு வேற: மழைத் தண்ணி எவ்வளவு வத்தியிருக்கு, காத்து தண்ணியை எந்தப் பக்கம் தள்ளுது. கொசு உள்ளானின் கால் ரெண்டு சென்டிமீட்டர் சொச்சம்தான். தண்ணி ஒரு விரற்கடை ஏறினாலும் அது இடம் மாறிடும். நெடுங்கால் உள்ளான் அங்கேயே நிற்கும். அதனால நான் இப்ப முதல் நாள் படமே எடுப்பதில்லை. வரப்பில் உட்கார்ந்து, எந்தப் பாத்தியில் தண்ணி பளபளன்னு மெல்லிய படலமா இருக்குன்னு மட்டும் பார்த்து வெச்சுக்கறேன். மறுநாள் விடியும் முன்னாடியே அங்கே போய் உட்கார்ந்துட்டா, பறவைங்களே மேஞ்சுகிட்டு நம்மகிட்ட வந்துடும்.

எங்கே உட்காருவது? பறவைகள் காத்தைப் பார்த்துத்தான் நிற்கும், காத்தை எதிர்த்துத்தான் கிளம்பும். ஜனவரியில் காத்து வடகிழக்கில் இருந்து. காலைச் சூரியன் தென்கிழக்கில். சூரியனை முதுகில் வெச்சு வடமேற்கைப் பார்த்து உட்கார்ந்தா, கூட்டம் முழுக்கப் பக்கவாட்டில் வலது பக்கம் பார்த்து நிற்கும். படத்தில் வலப்பக்கம் காலியா விட்டு வைங்க. தானாக எழும்பினால் அங்கேதான் போகும்.

உயரம் முக்கியம்னு எனக்குப் புரிய ரொம்ப நாளாச்சு. ‘பறவையின் கண் மட்டத்துக்கு இறங்கு’ என்பது ஒத்தைப் பறவைக்கான பாடம். கூட்டத்துக்கு அப்படிப் படுத்தா, ஆயிரம் பறவையும் ஒன்றன் மேல் ஒன்றாக விழுந்து ஒரு கறுப்புக் கோடாகிடும். அதே கூட்டத்தை ரெண்டடி, மூணடி வரப்பின் மேல் உட்கார்ந்து பார்த்தால் சேறு விரிந்து, ஒவ்வொரு பறவைக்கும் நடுவே இடைவெளி தெரியும். கோலப்புள்ளி மாதிரி. பின்னாடி கீற்று வேய்ந்த உப்புக் குவியலும் சிவந்த உமரிச் செடியும் வரும். அப்பதான் அது ஊரோட படம்.

கேமரா விஷயம் சீக்கிரம் சொல்லிடறேன். முழுச் சட்டகக் கேமராவில் 200 மி.மீ., எஃப் 8, அறுபது மீட்டரில் ஃபோகஸ் வெச்சா, சுமார் 45-இல் இருந்து 90 மீட்டர் வரை கூர்மையாக இருக்கும். அது கூட்டத்துக்குப் போதும். வெள்ளை உப்பையும் தண்ணியையும் பார்த்துக் கேமரா ஏமாந்து படத்தை இருட்டாக்கும். ஒரு ஸ்டாப் வரை கூட்டுங்க, ஹிஸ்டோகிராமைப் பாருங்க. ஒன்பது மணிக்கு மேல் மூட்டை கட்டிடுங்க. சேறு சூடாகி, காத்து அலையடிக்கும். எவ்வளவு விலை லென்ஸா இருந்தாலும் தூரத்துப் பறவை கரைஞ்சுதான் போகும்.

பறக்கும் படம் வேணுமா? அதுக்குக் கைதட்ட வேண்டியதில்லை. பொரி வல்லூறு வந்தால் போதும். ரெண்டு சீசனில் எனக்கு மூணே தடவை கிடைச்சுது. அதில் ஒண்ணு, 1/2000 நொடியில் எடுத்தது: கீழே ஆளில்லாத பாத்திகள், நடுவில் முறுக்கிய துணி மாதிரி வெள்ளைக் கூட்டம்.

போன வருஷம் அந்தப் பெரியவரைத் தேடிப் போய் அந்தப் படத்தை செல்போனில் காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

“இது நம்ம நாலாவது பாத்தியில்ல? வரப்பு ஒடஞ்சிருந்துச்சே அப்ப...” என்றார். கொஞ்ச நேரம் கழிச்சு, “பறவை எங்க தம்பி?”

விரலால் பெரிசாக்கிக் காட்டினேன்.