உங்களுக்குத் தெரியுமா? ஜாஸ் கலைஞரின் ஓபரா

நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓபரா 1883இல் திறக்கப்பட்டது. ஒரு கறுப்பின இசையமைப்பாளரின் ஓபரா அந்த மேடையில் ஏற 138 ஆண்டுகள் ஆயின! பெருந்தொற்றால் மூடிக்கிடந்த அரங்கின் புதிய பருவம் 2021 செப்டம்பர் 27 அன்று டெரன்ஸ் பிளான்சர்டின் 'ஃபயர் ஷட் அப் இன் மை போன்ஸ்' ஓபராவோடுதான் தொடங்கியது.

பிளான்சர்ட் நியூ ஆர்லியன்ஸில் பிறந்த ட்ரம்பெட் கலைஞர்; இருபது வயதை ஒட்டி டிரம்ஸ் கலைஞர் ஆர்ட் பிளேக்கியின் புகழ்பெற்ற 'ஜாஸ் மெசஞ்சர்ஸ்' குழுவில் சேர்ந்தவர். இயக்குநர் ஸ்பைக் லீயின் பல படங்களுக்கு இசை அமைத்தவரும் இவரே. ஓபரா இவருக்கு அந்நியமல்ல. தந்தை ஓய்வு நேரங்களில் ஓபரா பாடியவர் என்பதால் சிறுவயதிலேயே அந்த இசை காதில் விழுந்துகொண்டிருந்தது.

இவருடைய முதல் ஓபரா 'சாம்பியன்' (2013). குத்துச்சண்டை வீரர் எமில் கிரிஃபித்தின் கதை அது. 1962இல் ஒரு போட்டியில் அவரிடம் அடிவாங்கிய சக வீரர் பென்னி பாரெட் சில நாட்களில் இறந்துபோனார். அந்தச் சுமையை கிரிஃபித் வாழ்நாளெல்லாம் சுமந்தார். இத்தனை கனமான கதைக்கு ஜாஸ் தாளம் எவ்வளவு பொருந்துகிறது என்பது கேட்டால்தான் புரியும்.

மெட்ரோபாலிட்டன் மேடை கண்ட 'ஃபயர்' ஓபராவில் வயலின்களும் கொம்பு வாத்தியங்களும் நிறைந்த இசைக்குழுவுக்குள்ளேயே பியானோ, கிட்டார், பாஸ், டிரம்ஸ் கொண்ட ஜாஸ் குழு ஒன்றும் வாசிக்கிறது. ஓபரா அரங்கு இல்லாத ஊர்களுக்கும் இந்த இசை போய்ச் சேர்ந்திருக்கிறது: தன் 'இ-கலெக்டிவ்' குழு, 'டர்ட்டில் ஐலண்ட் குவார்ட்டெட்' என்னும் நால்வர் தந்திக்குழு, பாடகர்கள் ஆகியோருடன் பிளான்சர்ட் இதன் பகுதிகளைச் சாதாரணக் கச்சேரி மேடைகளில் வாசித்திருக்கிறார்.