பழைய கம்பெனிகளில் கிடக்கும் பி.எஃப்.

கோட்டக்குப்பம் தமிழ்நாடு. விழுப்புரம் மாவட்டம், வானூர் வட்டம். நாலு எட்டு வைத்தால் முத்தியால்பேட்டை, அது புதுச்சேரி. காலையில் சாப்பாட்டுப் பையோடு எல்லை தாண்டுகிறவர்களில் பலர் தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு தொழிற்பேட்டைகளுக்குப் போகிறார்கள். ஒரு கம்பெனியில் நாலு வருஷம், அடுத்ததில் ஆயிரம் ரூபாய் கூடுதல் என்று அங்கே ஒரு மூணு வருஷம், நடுவே சென்னைப் பக்கம் கொஞ்ச காலம். நாற்பது வயதில் திரும்பிப் பார்த்தால் ஒரே ஆளுக்கு மூன்று பி.எஃப். கணக்குகள். ஒன்றில் இருபதாயிரம், ஒன்றில் எழுபதாயிரம். மூன்றாவதில் எவ்வளவு என்று அவருக்கே தெரியாது.

இவற்றைச் சேர்ப்பதா, எடுத்துச் செலவழிப்பதா, அப்படியே விடுவதா?

மாநிலம் மாறுகிறதே என்ற கவலை வேண்டாம். 1952-ஆம் ஆண்டின் வருங்கால வைப்பு நிதிச் சட்டம் மத்திய சட்டம். புதுச்சேரியில் பிடித்ததும் சென்னைப் பக்கத்து ஓரகடத்தில் பிடித்ததும் ஒரே பி.எஃப். நிறுவனத்திடம்தான் இருக்கிறது. 2014-இல் வந்த 12 இலக்க யு.ஏ.என். எண்ணின் கீழ் எல்லாக் கணக்குகளையும் கொண்டுவரலாம். இரண்டு யு.ஏ.என். வைத்திருப்பவர்கள் பழையதன் கணக்கை இப்போதைய எண்ணுக்கு மாற்றிவிட்டால் போதும்.

விட்டுவிட்டால் பணம் போய்விடுமா? “மூணு வருஷம் தொடாவிட்டால் வட்டி நின்றுவிடும்” என்று டீக்கடையில் இன்றும் சொல்கிறார்கள். 2011-இல் அப்படி ஒரு விதி வந்தது உண்மை. 2016-இல் அதை மாற்றிவிட்டார்கள். இப்போது வேலையை விட்ட பிறகும் 58 வயதுவரை வட்டி ஏறும், 2024-25-க்கு 8.25 சதவீதம். ஆக, பணம் கரையாது. ஆனாலும் சேர்ப்பதுதான் லாபம் என்பேன்.

முதல் காரணம் வரி. ஐந்து வருஷம் தொடர்ச்சியான சர்வீஸ் ஆகாமல் பணத்தை எடுத்தால் அது வருமானமாகக் கணக்காகும். 50,000 ரூபாயைத் தொட்டால் பத்து சதவீதத்தை அங்கேயே பிடித்துக்கொள்வார்கள். பழைய கணக்கை மாற்றிக்கொண்டால் அந்தக் கம்பெனியின் வருஷங்களும் இந்த ஐந்துக்குள் வந்துவிடும். இரண்டாவது காரணத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. வேலையில் இருக்கும்போது தொழிலாளி இறந்துவிட்டால் குடும்பத்துக்கு 7 லட்சம் வரை காப்பீடு உண்டு. அதற்காகச் சம்பளத்தில் ஒரு பைசாகூடப் பிடிப்பதில்லை. அந்தத் தொகையில் 1.75 லட்சம் வரையிலான பகுதியை பி.எஃப். இருப்பின் சராசரியில் பாதி என்று கணக்கிடுகிறார்கள். இருப்பு மூன்று இடத்தில் சிதறிக் கிடந்தால் யாருக்கு நஷ்டம் என்று சொல்ல வேண்டியதில்லை.

பி.எஃப். பகுதிக்கு இவ்வளவு போதும். யோசிக்க வேண்டியது பென்ஷன் பகுதியில்தான்.

முதலாளி போடும் 12 சதவீதத்தில் 8.33 சதவீதம் 1995-ஆம் ஆண்டின் பென்ஷன் திட்டத்துக்குப் போகிறது. சம்பள வரம்பு 15,000 என்பதால் மாதம் அதிகபட்சம் 1,250 ரூபாய். இதற்கு வட்டி கிடையாது. இங்கே சேர்வது சர்வீஸ் வருஷங்கள். பத்து வருஷம் ஆனால் 58 வயதில் மாதப் பென்ஷன்; ஆகாவிட்டால் இல்லை. ஒன்பதரை வருஷத்தைப் பத்தாக எடுத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான் சலுகை. தொகைக்கான சூத்திரம் எளிது: கடைசி 60 மாதச் சராசரிச் சம்பளத்தைச் சர்வீஸ் வருஷங்களால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். 2014 செப்டம்பருக்கு முந்தைய வருஷங்களுக்கு மட்டும் சம்பளம் 6,500-க்கு மேல் போகாது.

ஒருவர் 15,000 வரம்பில் நாலு, நாலு, மூணு வருஷம் என்று மூன்று இடங்களில் வேலை பார்த்ததாக வைத்துக்கொள்வோம். சேர்த்தால் 11 வருஷம், மாதம் ஏறத்தாழ 2,350 ரூபாய். அவருக்குப் பிறகு மனைவிக்கு அதில் பாதி. முதல் இரண்டு கம்பெனியை விட்டபோது ‘பத்து சி’ படிவம் போட்டுப் பென்ஷன் பணத்தை எடுத்திருந்தால் ஒவ்வொரு முறையும் சுமார் 60,000 கிடைத்திருக்கும். கையில் மிச்சம் மூணு வருஷம், பென்ஷன் இல்லை. ஒருமுறை எடுத்துவிட்ட சர்வீஸ் திரும்ப வராது.

எதிர்க்கணக்கையும் சொல்லிவிடுகிறேன். இருபத்தெட்டு வயதுப் பையன் அந்த 60,000-ஐ எட்டு சதவீத வட்டியில் முப்பது வருஷம் தொடாமல் வைத்தால் ஆறு லட்சம் ஆகும். அந்த நாலு வருஷ சர்வீஸ் பென்ஷனில் கூட்டுவதோ மாதம் 850 சொச்சம்தான். காகிதத்தில் எடுப்பவனே ஜெயிக்கிறான். ஆனால் வேலை போன மாதத்தில் கைக்கு வரும் 60,000 முப்பது வருஷம் தாங்குமா? வண்டித் தவணையிலும் தங்கையின் சீரிலும் அது முடிந்துவிடும். அதனால் வயது ஏற ஏற, பத்து வருஷத்தை நெருங்க நெருங்க, எடுக்காதீர்கள் என்பேன். நாற்பது வயதில் ஏழு வருஷ சர்வீஸோடு இருப்பவர் அதைத் தொடுவது தன் தலையில் தானே மண் போட்டுக்கொள்வதுதான். 2025 அக்டோபரில் பி.எஃப். நிறுவனத்தின் மத்திய அறங்காவலர் குழுவும், வேலையை விட்டபின் பென்ஷன் பணத்தை எடுக்கக் காத்திருக்கும் காலத்தை 2 மாதத்திலிருந்து 36 மாதமாக்க முடிவெடுத்தது. பிடிக்காதவர்கள் உண்டு, எனக்கு அதில் நியாயம் தெரிகிறது.

கணக்கை மாற்றியபின் புதுப் பாஸ்புக்கில் பென்ஷன் கட்டத்தில் பூஜ்யம் இருக்கும். பதற வேண்டாம். நகர்வது சர்வீஸ் காலம் மட்டுமே. அது சர்வீஸ் விவரத்தில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

மாற்றுவதில் வரும் பெரிய இடைஞ்சல் பெயர். ஒரு கம்பெனியில் முகமது என்பதன் ஆங்கில எழுத்து ஒரு விதம், ஆதாரில் வேறு விதம்; ஒன்றில் இனிஷியல், இன்னொன்றில் அப்பா பெயர் முழுசாக. கோட்டக்குப்பத்தில் இது வீட்டுக்கு வீடு இருக்கும். திருத்தாமல் மாற்ற முடியாது. 2017 அக்டோபருக்குப் பிறகு ஆதாரோடு வந்த யு.ஏ.என். என்றால் 2025 ஜனவரி முதல் பெரும்பாலான திருத்தங்களை நாமே இணையத்தில் செய்துகொள்ளலாம். வேலையை விட்ட தேதியைப் பழைய கம்பெனி போடாவிட்டால், கடைசிப் பிடித்தத்திலிருந்து இரண்டு மாதம் கழித்து அதையும் நாமே போடலாம். பழைய எண் வைத்திருப்பவருக்குத்தான் அலைச்சல், கம்பெனியின் கையெழுத்து வேண்டும். 1898-இல் தொடங்கிய புதுச்சேரி ஏ.எஃப்.டி. ஆலையே 2020-இல் மூடப்பட்டது. சின்னக் கம்பெனிகள் எத்தனை நாள் இருக்குமோ? திறந்திருக்கும்போதே கையெழுத்தை வாங்கிவிடுங்கள்.

இந்தப் பக்கத்துக்குப் பென்ஷன் அருமை தெரியாததல்ல. பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்த சொல்தா குடும்பங்களின் பென்ஷனைப் பார்த்து வளர்ந்த ஊர்கள். 2011 ஜூலை முதல் இந்தியாவுக்கும் பிரான்சுக்கும் நடுவே உள்ள ஒப்பந்தப்படி, தகுதி பார்க்க இரு நாட்டு வேலைக் காலத்தையும் கூட்டலாம்.

துபாய்க்கும் சவூதிக்கும் கிளம்புகிறவர்களுக்கு அப்படி ஒரு வசதி இல்லை. விசா வந்ததும் அவர்கள் முதலில் செய்வது பி.எஃப்.பை வழித்து எடுப்பதுதான். பி.எஃப். பணம் தேவையென்றால் எடுக்கட்டும். பென்ஷன் பகுதியை மட்டும் சான்றிதழாக வாங்கி வைத்தால், ஊர் திரும்பி மறுபடி வேலையில் சேரும்போது அந்த வருஷங்களை ஒட்டிக்கொள்ளலாம். பணத்துக்கும் சான்றிதழுக்கும் படிவம் ஒன்றே, அதே பத்து சி. கம்ப்யூட்டர் சென்டரில் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போகாமல், பையன் எதைத் தட்டுகிறான் என்று திரையைப் பார்த்தபடி பக்கத்திலேயே உட்காருங்கள்.