ஒரே கம்ப்யூட்டர், நாலு பேர்!



போன மாதம் நான் அழுதது எங்கள் வகுப்புக்கே தெரியும். அறிவியல் கண்காட்சிக்காக மூன்று நாள் உட்கார்ந்து டைப் செய்த கட்டுரையை, கேம் போட இடமில்லை என்று தம்பி அழித்துவிட்டான்! எங்கள் வீட்டில் இருப்பது சித்திக்கு 2013-ல் பிளஸ் டூ படிக்கும்போது அரசு கொடுத்த லேப்டாப். எல்லோருக்கும் ஒரே அக்கவுண்ட், அதுவும் அட்மினிஸ்ட்ரேட்டர். யார் உட்கார்ந்தாலும் அவர்தான் ராஜா.

ஸ்ரீரங்கத்திலிருந்து வந்த சித்தி, "ஏண்டி, ஆன் பண்ணும்போது பாஸ்னு ஒண்ணு வருமே, பார்த்ததே இல்லையா?" என்றார்கள். பாஸ் லினக்ஸ், சி-டாக் நிறுவனம் நம் நாட்டுக்காகத் தயாரித்தது. 2007-ல் வெளிவந்தது.

சித்தி சொன்ன உதாரணம் இது. ரெங்கநாதர் கோயிலுக்கு ஏழு பிரகாரம். வெளிச்சுற்றில் வீடு, கடை, வண்டி எல்லாம் உண்டு. உள்ளே போகப் போக ஆள் குறையும். கருவறைக்குள் அர்ச்சகர் மட்டும்தான். லினக்ஸில் அந்த இடத்துக்கு 'ரூட்' என்று பெயர். நாம் தினமும் வெளிச்சுற்றில் வேலை செய்தால் போதும்.

இதற்குக் காரணம் உண்டு. லினக்ஸ் பின்பற்றுவது 1969-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பிறந்த யூனிக்ஸின் வழியை. அப்போது ஒரே கம்ப்யூட்டரைப் பல பேர் பங்கு போட்டார்கள். விண்டோஸ் 95, 98 வீட்டில் ஒருவருக்கு என்றே செய்யப்பட்டவை. பாஸ்வேர்ட் கேட்கும், எஸ்கேப் கீயை அழுத்தினால் உள்ளே விட்டுவிடும்! (பூட்டு இருக்கு, கதவு இல்லை.) 2001-ல் எக்ஸ்பி வந்தபோது வீட்டு விண்டோஸிலும் ஒழுங்கான தனித்தனி அக்கவுண்ட் வந்தது. ஆனால் முதல் அக்கவுண்டே அட்மினிஸ்ட்ரேட்டர், அதனால் அதில் நுழையும் வைரஸுக்கும் அதே அதிகாரம். 2007-ல் விஸ்டா "அனுமதிக்கலாமா?" என்று கேட்க ஆரம்பித்தது. நாம்தான் படிக்காமலே 'யெஸ்' அழுத்துகிறோம்.

பாஸில் எனக்கும் தம்பிக்கும் தனி அக்கவுண்ட் போட்டு சோதித்தோம். என் ஃபைலை அவனால் அழிக்க முடியவில்லை. ஆனால் திறந்து சத்தமாகப் படித்தான்! படிக்க ஒரு அனுமதி, எழுத ஒரு அனுமதி, இரண்டும் வேறு வேறாம். படிக்க 4, எழுத 2, உள்ளே நுழைய 1, ஆக 7. சித்தி என் ஃபோல்டருக்கு 700 போட்டார்கள், அதாவது எனக்கு ஏழு, மற்றவர்களுக்குப் பூஜ்யம்.

விண்டோஸிலும் இப்படிச் செய்யலாம். ஆனால் ஒன்றைப் பார்த்து பயந்துபோனேன். பாஸில் இருந்தபடியே விண்டோஸ் ஃபைல்கள் எல்லாவற்றையும் திறக்க முடிந்தது, பாஸ்வேர்ட் கேட்கவே இல்லை! "அந்த சிஸ்டம் ஓடும்போதுதான்டி அதோட காவல். டிஸ்க்கையே ரகசியக் குறியீடா மாத்தி வச்சாதான் தப்பிக்கும்," என்றார்கள் சித்தி. அதை இன்னும் செய்யவில்லை.

கட்டுரையை மறுபடி டைப் செய்கிறேன். இரண்டு பக்கம் பாக்கி.

– 9-ஆம் வகுப்பு மாணவி